வீட்டில் ஈயம் உருக்கித் தூண்டில் குண்டு வார்ப்போர் அறிய வேண்டியவை

தூண்டில் முள்ளில் ஈயத்தலை வார்த்து, அதன்மீது வண்ணப் பவுடர் பூசிச் செய்யப்படும் ‘ஜிக்’ என்னும் தூண்டில்களைச் சிலர் வீட்டிலேயே தயாரிக்கின்றனர். வண்ணம் பூசிவிட்டால் ஈயத்தால் தீங்கில்லை என்று அவர்களிற் பலர் கருதுகின்றனர். பூச்சு, முடிந்த குண்டைத் தொடுபவரை ஓரளவு காக்கும். அதை வார்த்தவரையும் அவர் வீட்டுக் குழந்தைகளையும் காக்காது.

இங்குக் குறிப்பிடப்படும் ஈயம் காரீயம் ஆகும். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. அது வேறு உலோகம்.

காரீயம் 327 டிகிரி செல்சியசில் உருகும். அடுப்பின் வெப்பம் கட்டுப்பாடின்றி ஏறினால் நச்சுப்புகை எழும். புகையைக் கண்டு விலகுவோர்கூட, உருகிய ஈயத்தின்மேல் படியும் சாம்பல் போன்ற கசடையும், பிசிறுகளை அரத்தால் தேய்க்கும்போது உதிரும் தூளையும் பொருட்படுத்துவதில்லை. அத்தூள் கைகளிலும் ஆடையிலும் தரையிலும் ஒட்டி, உணவுடன் வயிற்றுக்குள் செல்கிறது. தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும். உட்கொண்ட ஈயத்தைப் பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் நான்கைந்து மடங்கு அதிகமாக ஈர்க்கிறது. அவர்களின் மூளை வளர்ச்சியும் கற்கும் திறனும் பாதிக்கப்படலாம். பாதுகாப்பானது என்று கூறத்தக்க ஈய அளவு எதுவும் இல்லை.

உடலில் சேரும் ஈயம் எலும்பில் பல ஆண்டுகள் தங்கி, கருவுற்ற காலத்தில் இரத்தத்தில் கலந்து சிசுவையும் அடையும். ஆகவே, கருவுற்ற பெண்களும் குழந்தைகளும் ஈயம் உருக்கும் இடத்திற்கு அருகில் இருத்தலாகாது.

அடிக்கடி வயிற்றுவலி, மலச்சிக்கல், சோர்வு, தலைவலி, எரிச்சல், இரத்தசோகை ஆகியவை அறிகுறிகளாக இருக்கலாம். இவை வேறு பல நோய்களிலும் காணப்படுவதால், வயிற்றுப்புண் என்றெண்ணி மாத்திரை உண்டு காலம் கடத்துவோர் உண்டு. குழந்தைகளிடம் அறிகுறி எதுவும் தென்படாமலும் போகலாம். எனவே, மருத்துவரிடம் “வீட்டில் ஈயம் உருக்குகிறோம்” என்று நீங்களே கூறுங்கள். நீங்கள் கூறாவிடில் அவருக்கு அவ்வையம் எழாமல் போகலாம். இரத்தத்தில் ஈய அளவு ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருப்பின், ஈயம் வரும் வழியைக் கண்டறிந்து தடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல். அதிக அளவு கண்டால், ஈயத்தை வெளியேற்றும் மருந்துகள் மருத்துவமனையில் அளிக்கப்படும். பால் அருந்துவதும் வெல்லம் உண்பதும் அதற்கு ஈடாகா. எனினும் சுண்ணாம்புச்சத்தும் இரும்புச்சத்தும் குறைந்தால் உடல் ஈயத்தை மிகுதியாக ஈர்க்கும் என்பதால், சத்தான உணவு அவசியம்.

டங்ஸ்டன் அல்லது எஃகுக் குண்டுகளைப் பயன்படுத்துவதே சிறந்தது. ஈயத்தையே வார்ப்பதாயின், வீட்டிற்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். உருகிய ஈயத்தில் ஒரு சொட்டு நீர் விழுந்தாலும் அது வெடித்துச் சிதறும். அச்சு முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும். பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுக்கவே கூடாது. பவுடர் பூசிய தலைகளைச் சுட வைக்கச் சமையலறை ஓவனையோ பாத்திரங்களையோ பயன்படுத்தாதீர்கள். தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். அன்று உடுத்திய ஆடைகளைத் தனியே துவையுங்கள். ஈயக்குண்டைப் பல்லால் கடித்து நூலில் பொருத்தும் வழக்கத்தையும் கைவிட வேண்டும்.

குழந்தை ஈயக்குண்டை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வயிற்று அமிலத்தில் ஈயம் கரையத் தொடங்கும் என்பதால், மலத்தில் வெளியேறும் என்று வீட்டில் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவசர ஊர்திக்கு 108ஐ அழைக்கலாம்.