கொழுந்து பெருகும் பருவம்

‘பிளஷ்’ (flush) என்னும் ஆங்கிலச் சொல், நீர் திடீரெனப் பாய்தல், முகம் சிவத்தல், கையில் பணம் தாராளமாகப் புழங்குதல் எனப் பெருகி எழுதலை ஒட்டிய பல பொருள்களைத் தருவதோடு, தேயிலைத் தொழிலில், செடிகள் ஒருசேரத் தளிர்விடும் பருவத்தையும் அத்தளிரையும் குறிக்கிறது. டார்ஜிலிங்கில் ஆண்டின் முதல் பறிப்பு இப்பெயரிலேயே விலைபோகிறது.

இலங்கையின் ஹட்டன், நுவரெலியா தோட்டங்களிலோ ஆண்டு முழுவதும் கொழுந்து உண்டு. ஏப்ரல், மே மாத மழையோடு அது பெருகும்போது, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக விரல்நுனியால் கிள்ள வேண்டிய தளிர் சில நாள் தாமதித்தாலும் முற்றிவிடும் என்பதால், பறித்த மலைக்கே விரைவில் மீண்டும் ஆள் விடப்படுகிறது. நாளுக்கென வகுத்த எடையைத் தாண்டிய கொழுந்துக்குக் கிலோக் கணக்கில் மேலதிகப் பணம் கிடைக்கும். அந்த எடை எட்டாத நாளில் ‘அரைப்பேர்’, அதாவது அரைநாள் வேலை மட்டும், பதியப்படுவதுண்டு.

விளைச்சல் மிகும் காலமே தரம் உயரும் காலம் என்று கொள்வதற்கில்லை. ஜனவரி முதல் மார்ச் வரை, வறண்ட குளிர்காற்றில் வளர்ச்சி மந்தப்படும்போதுதான் திம்புள்ள வட்டாரத் தேயிலை மணம் செறிந்து, கொழும்பு ஏலத்தில் பெயர்பெறுகிறது. அப்போது பறிப்பவரின் கூடையில் கொழுந்து குறைவு. மணத்துக்கு விலை வைக்கும் தொழில், அதைப் பறிக்கும் கைக்கு எடையை மட்டும் பார்த்துக் கூலி அளப்பது நியாயமன்று.