வெள்ளத்தில் நின்ற மோட்டாரை உதைக்காதீர்கள்!

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரில் சிகாமட், கோத்தா திங்கி வட்டாரங்களை வெள்ளம் சூழ்ந்ததே, நினைவிருக்கிறதா? வெள்ளம் வடிந்ததும் நாம் ஓடுவது மோட்டாரிடம்தான். வேலைக்கும் பள்ளிக்கும் அதுதானே நமக்குக் கால்!

ஆனால், அவசரப்பட்டு உதைக்காதீர்கள், பொத்தானையும் அழுத்தாதீர்கள். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் நீர் நின்றால் பிஸ்டன் தண்டு வளைந்துவிடும்.

சாவியை மூடிவிட்டுப் பிளக்கைக் கழற்றுங்கள். கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தினால் உள்ளிருக்கும் நீர் வெளியேறும். எஞ்சின் எண்ணெயை வடித்துப் புதிது ஊற்றுங்கள். நீர் கலந்த பெட்ரோலையும் டாங்கியிலிருந்தும் கார்புரேட்டரிலிருந்தும் வடியுங்கள். அருகில் நெருப்பு ஆகாது. காற்று வடிகட்டியையும் பிளக்கையும் உலர்த்திப் பூட்டிய பிறகே உதையுங்கள்.

அரைநாள் பொறுமை, பிள்ளைகளின் புத்தகக் காசைப் பட்டறைக்குப் போகாமல் காக்கும்.