கோப்பில் கையெழுத்து, உறவினர் கையில் சாவி

தென் மும்பையின் கொலாபாவில் கடலோரமாக எழுந்து நிற்கிறது அந்த 31 மாடிக் கட்டடம். பெயர் ஆதர்ஷ். 'முன்மாதிரி' என்று பொருள். பதவியைச் சொந்தபந்தங்களுக்காக வளைப்பது எப்படி என்பதற்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி கிடைப்பது அரிது.

படைவீரர்கள், போரில் கணவரை இழந்த பெண்கள் ஆகியோரின் நலனுக்காக என்று சொல்லித்தான் இந்த வீட்டுவசதிச் சங்கம் அரசிடம் நிலம் கேட்டது. நிலத்துக்கு ஒரு கோப்பு, கூடுதல் மாடிகளுக்கு ஒரு கோப்பு, உறுப்பினர் தகுதிக்கு இன்னொரு கோப்பு. கோப்புகள் மேஜை மேஜையாக நகர்ந்தன. அவற்றைக் கையாண்ட அதிகாரிகள் சிலரும் அவர்களது உறவினர்களும் உறுப்பினர் பட்டியலில் இடம்பிடித்தார்கள்.

2010-ல் விவகாரம் வெடித்தது. தன் உறவினர்களுக்கும் அங்கு வீடு இருப்பது தெரியவந்ததும் நவம்பரில் முதல்வர் அசோக் சவான் பதவி விலகினார். அவர்மீது வழக்குத் தொடர ஆளுநர் அளித்த அனுமதியை 2017-ல் மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நீதி விசாரணைக் கமிஷனோ 102 உறுப்பினர்களில் 25 பேர் தகுதியற்றவர்கள் என்று கூறியது. கட்டடத்தை இடிக்க 2016 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது.

இத்தகைய முறைகேட்டில் ரொக்கம் கைமாற வேண்டிய அவசியமே இல்லை. 'விண்ணப்பித்தார், பணம் கட்டினார், கிடைத்தது' என்று சொல்லிவிடலாம்.

தடுக்க விதியே இல்லையா? இருக்கிறது. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964-ம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, குடும்பத்தினருக்குத் தொடர்புள்ள ஒப்பந்தம் மேஜைக்கு வந்தால் ஊழியர் முடிவெடுக்கக் கூடாது. மேலதிகாரிக்கு அனுப்பிவிட வேண்டும். ஆனால் 'குடும்பம்' யார்? கணவன் அல்லது மனைவியைத் தவிர, ஊழியரை முழுமையாகச் சார்ந்து வாழ்பவர்கள் மட்டுமே. சொந்தமாகச் சம்பாதிக்கும் மகனும் தனியே தொழில் நடத்தும் மைத்துனரும் இந்த இலக்கணத்தில் அடங்கமாட்டார்கள். சலுகை தேடி வருபவர்கள் பெரும்பாலும் இவர்கள்தானே!

பணியோடு தொடர்புள்ள சொந்த நலன்களை ஊழியர் அறிவிக்க வேண்டும் என்று 2014-ல் ஒரு விதி சேர்க்கப்பட்டது. நல்லதுதான். ஆனால் அறிவிக்க வேண்டியவர் அந்த ஊழியரேதான். அவர் வாய் திறக்காவிட்டால், கோப்பைப் பார்க்கும் அடுத்தவருக்கு உறவுமுறை எப்படித் தெரியும்? மைத்துனரையும் மகனையும் கணக்கில் கொள்ளாதவரை, விதிப் புத்தகம் அலமாரியில் பத்திரமாக இருக்கும். சாவி வேறு கைக்குப் போய்விடும்.