விடுதிக்குப் புறப்படும் முன்: ஒரு பட்டியலும் ஒரு பாடவேளையும்

மரக்காணம் உப்பளங்களில் தை, மாசியில் பாத்தி திருத்தும் வேலை தொடங்குகிறது. கோடை முழுவதும் உப்பு வாருகிறார்கள். ஐப்பசி மழை இறங்கியதும் பாத்திகளில் நீர் நின்று வேலை நின்றுவிடுகிறது. கல்லூரிச் சேர்க்கை நடப்பது வைகாசி முதல் ஆடி வரை. வீட்டில் கூலி வரும் காலத்தில் பிள்ளை விடுதிக்குப் போகிறது. கூலி இல்லாத காலத்தில் தேர்வுக் கட்டணமும் பயணச் செலவும் வருகின்றன. விடுதிக்குப் பொருள் வாங்கும் குடும்பங்கள் முதலில் பார்க்க வேண்டிய கணக்கு இதுதான்.

உப்பளத் தொழிலாளர் வீடுகளில் பெரும்பாலும் கல்லூரி விடுதியை உள்ளே சென்று பார்த்தவர் எவரும் இருப்பதில்லை. "மற்ற பிள்ளைகள் முன் நம் பிள்ளை குறைந்து நிற்கக் கூடாது" என்று நினைக்கும் பெற்றோர், வட்டிக்கு வாங்கியாவது கடைக்குப் போகிறார்கள். எங்கள் பள்ளி மாணவி ஒருத்திக்குச் சக்கரப் பெட்டி, புதுத்துணி, கைப்பேசி என எல்லாம் ஆனியிலேயே வாங்கப்பட்டன. தீபாவளிக்கு ஊர் வந்தவள் திரும்பப் போகவில்லை. உணவுக் கட்டணம் கட்ட வீட்டில் பணமில்லை. ஆசிரியர்கள் பேசி, தவணை பெற்று, அவளைத் திரும்ப அனுப்ப மூன்று வாரம் ஆனது. பெட்டிக்குக் கொடுத்த பணம் கையில் இருந்திருந்தால் அந்த மூன்று வாரம் வீணாகியிருக்காது.

எனவே, வாங்குவதை இரண்டாகப் பிரிக்கச் சொல்லலாம்.

முதல் நாளே தேவைப்படுபவை

* பாய் அல்லது மெத்தை விரிப்பு, போர்வை, தலையணை, கொசுவலை
* வாளி, குவளை, குளியல் சோப்பு, துணி சோப்பு, துண்டு
* தட்டு, டம்ளர், தண்ணீர் பாட்டில்
* நல்ல பூட்டு ஒன்று, சாவி இரண்டு
* துணி காயவைக்கக் கயிறு, கிளிப்
* மாணவியருக்கு இரண்டு மாதத்துக்கான நாப்கின்
* வழக்கமாகச் சாப்பிடும் மருந்து, சிறிய முதலுதவிப் பை

ஒரு மாதம் கழித்து வாங்கக்கூடியவை

மேசை விளக்கு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், பாடநூல்கள், கூடுதல் உடைகள். அறையில் என்ன இருக்கிறது, நூலகத்தில் எந்த நூல் கிடைக்கிறது என்பது சேர்ந்த பிறகே தெரியும். மின் அடுப்பு, இஸ்திரிப் பெட்டி போன்றவற்றைப் பல விடுதிகள் அனுமதிப்பதில்லை; கேட்காமல் வாங்க வேண்டாம். வாளியும் பாயும் போகும் ஊரிலேயே கிடைக்கும். பேருந்தில் சுமக்க வேண்டியதில்லை. புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை நம் பகுதிக்குப் பக்கம். உடை, பை வாங்க அது போதும்.

கடைக்கு முன் கோப்பு

மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் சான்றிதழ்கள், சாதி, வருமானச் சான்றுகள், முதல் பட்டதாரி சான்று, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படங்கள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்து, ஒவ்வொன்றிலும் ஐந்து நகல் எடுக்க வேண்டும். வங்கிக் கணக்கு ஆதாருடன் இணைந்திருக்கிறதா என்பதைப் பள்ளியிலேயே சரிபார்த்துவிடுவது நல்லது.

காரணம் உண்டு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவியருக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் ரூ.1,000 வழங்குகின்றன. ஆனால் கல்லூரியில் சேர்ந்த பின்னரே விண்ணப்பிக்க முடியும். கடைக்குப் போகும் நாளில் அந்தப் பணம் கையில் இருக்காது. அதை நம்பிக் கடன் வாங்கக் கூடாது. அது மழை மாதங்களுக்கான பணம். 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் பொறியியல் போன்ற தொழிற்கல்வியில் சேர்வோருக்குக் கல்விக் கட்டணத்துடன் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நலத்துறை விடுதிகளில் உணவும் உறைவிடமும் இலவசம். தனியார் விடுதிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் இவற்றைப் பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும்.

வகுப்பறையில் செய்யலாம்

பன்னிரண்டாம் வகுப்பில் பொதுத்தேர்வுக்கு முன் ஒரு பாடவேளை போதும். பொருள், விலை, "இப்போது / பிறகு / வீட்டிலேயே உள்ளது" என்று கட்டம் போட்ட தாளை மாணவர்களே நிரப்பட்டும். மூன்று கடைகளில் விலை கேட்டு வரட்டும். மொத்தத்தைக் கூட்டி, அதில் மழை மூன்று மாதங்களுக்கு எவ்வளவு ஒதுக்க முடியும் என்று கணக்கிடட்டும். பெற்றோர் கூட்டத்தில் அதே தாளை வைத்துப் பேசினால், "எது வேண்டாம்" என்பதைப் பிள்ளையே சொல்லும். பெற்றோருக்கும் அது குறையாகத் தெரியாது.

தொடக்க வகுப்புகளிலும் இதற்கு இடமுண்டு. நான்காம், ஐந்தாம் வகுப்புக் கணக்கில் கடைப் பட்டியல் வரும்போது தேவை எது, ஆசை எது என்று பிரிக்கச் சொல்லலாம். தன் துணியைத் துவைத்தல், பூட்டிச் சாவியைப் பத்திரப்படுத்துதல், செலவை எழுதி வைத்தல் ஆகியவை ஆண், பெண் இருவருக்கும் சிறு வயதிலேயே பழக வேண்டியவை. இவை எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை.

ஐப்பசியில் ஒருமுறை, விடுதியில் இருக்கும் முன்னாள் மாணவர்களைத் தொலைபேசியில் அழைத்து, "கட்டணம் கட்டிவிட்டாயா?" என்று கேளுங்கள். படிப்பு பெரும்பாலும் நிற்கும் மாதம் அதுவே.