பெங்களூருக்கு நிழல் தந்த ஜேர்மனியர்

ஹைதர் அலி 1760இல் தொடங்கி, திப்பு சுல்தான் வளர்த்த லால்பாக் தோட்டத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிற்காலத்தில் அதைப் பேணி வளர்த்தவர்களுள் ஒருவர் ஜேர்மனியர் என்பதை அறிவீர்களா?

அவர் பெயர் குஸ்தாவ் ஹெர்மன் க்ரும்பிகல். 1865இல் டிரெஸ்டன் நகருக்கு அருகே லோமன் என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே தோட்டக்கலை பயின்று, லண்டன் கியூ தோட்டத்தில் பணிக்குச் சேர்ந்தார். 1893இல் பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் அவரை அழைத்துக்கொண்டார். 1908இல் மைசூர் சமஸ்தானத்தின் பணிக்கு வந்து, 1932வரை லால்பாக்கின் பொறுப்பைக் கவனித்தார்.

அவர் செய்த பெரிய காரியம் என்ன தெரியுமா? வீதி மரங்களை ஒரு கணக்கோடு நடச் செய்தார். ஒரு மரம் பூத்து ஓய்ந்தால் இன்னொன்று பூக்கும். ஆண்டு முழுவதும் ஏதாவதொரு வீதி பூத்திருக்கும். திவான் மிர்ஸா இஸ்மாயிலின் காலத்தில் உருவான பிருந்தாவனத் தோட்டத்தின் அமைப்பிலும் அவர் கைவண்ணம் உண்டு.

இப்படி உழைத்தவரையும் போர் விட்டுவைக்கவில்லை. பிறந்த நாட்டை வைத்து அவரை எதிரி என்றார்கள். தடுப்பு முகாமில் வைத்தார்கள். ஆயினும் அவர் இந்த மண்ணைவிட்டுப் போகவில்லை. 1956இல் பெங்களூரிலேயே காலமானார். இன்று லால்பாக் அருகே ஒரு வீதி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

யாழ்ப்பாணத்து வாசகர்களே, இந்த வேதனை நமக்குப் புதிதல்ல. 1990 ஒக்டோபரில் இங்குள்ள முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். 2009இல் போர் முடிந்தபின் திரும்பிவந்த பலர் கண்டது கூரையில்லாத வீடும் பற்றை மண்டிய வளவும்தான். வீட்டைக் கட்டப் பணம் வேண்டும். மரம் நட ஒரு கன்றும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

க்ரும்பிகலின் கணக்கை நம் வளவிலும் போட்டுப் பார்க்கலாமே! நமக்கு மழை ஐப்பசியில்தான் பிடிக்கிறது. அப்போது நட்டால் கோடை வருமுன் வேர் பிடித்துவிடும். கிணற்று நீரும் மிச்சமாகும். நிழலுக்கு வேம்பு, வேலிக்குப் பூவரசு, கோடையில் மஞ்சளாய்ப் பூக்கக் கொன்றை என்று பார்த்து நடுங்கள். சகோதரிகளே, கன்றுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். அந்த நிழலில் இருக்கப்போகிறவர்கள் அவர்கள்தானே!