சேமித்தது தங்குமா? – 17: எந்த கம்பெனி டிரைவ் நல்லது?

இந்தத் தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து வாசகர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான்: "சீகேட் வாங்கலாமா, டபிள்யூ.டி. வாங்கலாமா?" கல்யாண வீடியோ, குழந்தைகளின் போட்டோ, கடைக் கணக்கு, ஆய்வேடு என்று பத்துப் பதினைந்து வருட வாழ்க்கையை ஒரு பெட்டிக்குள் போட்டு வைக்கிறவர்கள் அந்தப் பெட்டி எத்தனை நாள் உழைக்கும் என்று கேட்பது நியாயம். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், முதலில் கம்பெனிக்காரர்கள் தரும் எண்ணைப் பார்க்க வேண்டும். பிறகு வெளியே எண்ணிப் பார்த்தவர்கள் சொன்ன எண்ணைப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றல்ல.

டிரைவின் விவரத்தாளில் எம்.டி.டி.எஃப். என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். பழுதாகும்வரை சராசரியாக எத்தனை மணி நேரம் ஓடும் என்ற கணக்கு அது. டேட்டா சென்டர்களுக்கான டிரைவுகளில் இது பத்து லட்சம், பதினைந்து லட்சம் மணி நேரம் என்று இருக்கும். பத்து லட்சம் மணி நேரம் என்றால் 114 வருடம். ஐ.பி.எம். முதல் ஹார்டு டிஸ்கை வெளியிட்டதே 1956-ல்தான். எந்த டிரைவும் 114 வருடம் ஓடிப் பார்த்ததில்லை. ஆயிரம் டிரைவுகளை ஒரு வருடம் ஓட்டினால் ஏறக்குறைய ஒன்பது பழுதாகும் என்பதே அந்த எண்ணின் பொருள். முப்பது வயதுக்காரர்கள் ஆயிரம் பேரில் வருடத்துக்கு ஒருவர் இறந்தால், மனித ஆயுள் ஆயிரம் வருடம் என்று நாம் சொல்வதில்லை. ஆனால் டிரைவ் விஷயத்தில் அப்படிப்பட்ட கணக்கைத்தான் விவரத்தாளில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள்.

2007 பிப்ரவரியில் அமெரிக்காவின் சான் ஹோசே நகரில் நடந்த ஒரு கருத்தரங்கில், இந்தக் கணக்கை உரசிப் பார்த்த இரண்டு ஆய்வுகள் ஒருசேர வெளிவந்தன. ஒன்று கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடரும் கார்த் கிப்சனும் செய்தது. ஏறக்குறைய ஒரு லட்சம் டிரைவுகளின் பதிவேடுகளை அவர்கள் அலசினார்கள். விவரத்தாளின்படி வருடத்துக்கு அதிகபட்சம் 0.88 சதவீதம்தான் பழுதாக வேண்டும். நிஜத்தில் இரண்டு முதல் நான்கு சதவீத டிரைவுகள் மாற்றப்பட்டிருந்தன. சில இடங்களில் 13 சதவீதம்வரை போயிருந்தது. விலை கூடிய எஸ்.சி.எஸ்.ஐ., ஃபைபர் சேனல் டிரைவுகள் மலிவான சாட்டா டிரைவுகளைவிட அதிகம் உழைத்ததாகவும் தெரியவில்லை.

இன்னொன்று கூகுளில் வேலை பார்த்த பின்ஹெய்ரோ, வெபர், பரோசோ மூவரும் எழுதியது. அவர்களும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டிரைவுகளைப் பார்த்தார்கள். சூடு கூடினால் டிரைவ் சீக்கிரம் போய்விடும் என்ற நம்பிக்கை அதில் ஆட்டம் கண்டது. மிதமான சூட்டுக்கும் பழுதுக்கும் பெரிய தொடர்பு இல்லை. மிகக் குளிர்ச்சியாக வைத்த டிரைவுகளில்தான் பழுது கூடுதலாக இருந்தது. நம் ஊர் வெயிலை நினைத்துக் கவலைப்படுகிறவர்களுக்கு இது ஆறுதலான செய்தி. ஆனால் அந்த ஆய்வில் ஒரு குறை இருந்தது. எந்தக் கம்பெனி, எந்த மாடல் எப்படி என்ற பட்டியலை கூகுள் வெளியிடவில்லை. பழுது மாடலைப் பொறுத்து மாறுகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு, பெயர்களைத் தன்னோடு வைத்துக்கொண்டது.

பெயரோடு சொன்னது பேக்பிளேஸ். கலிஃபோர்னியாவில் 2007-ல் தொடங்கிய பேக்கப் கம்பெனி இது. மாதச் சந்தா வாங்கிக்கொண்டு நம் கம்ப்யூட்டரில் இருப்பதையெல்லாம் தன் டேட்டா சென்டரில் பிரதி எடுத்து வைக்கும். வாடிக்கையாளரிடம் வாங்குவது சொற்பம் என்பதால் விலை உயர்ந்த டிரைவுகளை வாங்க அவர்களால் முடியாது. நானும் நீங்களும் கடையில் வாங்குகிற சாதாரண டிரைவுகளையே 45, 45 ஆக ஒரு பெட்டியில் அடுக்கி ஓட்டினார்கள். எது எப்போது பழுதானது என்று தினமும் குறித்தும் வைத்தார்கள். 2014 ஜனவரியில் மாடல் வாரியான அந்தக் கணக்கை வெளியிட்டார்கள். 2015-லிருந்து மூலத் தரவையே யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாம் என்று திறந்துவிட்டார்கள். எந்தத் தயாரிப்பாளரும் செய்யாத காரியம் இது. டிரைவ் வாங்குகிற ஒவ்வொருவரும் இந்தக் கம்பெனிக்குக் கடமைப்பட்டிருக்கிறோம் என்றே நான் நினைக்கிறேன்.

அந்தப் பட்டியலில் இரண்டு வரிகளைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். இரண்டுமே 3 டி.பி. டிரைவுகள், இரண்டிலும் எண்ணிக்கை நாலாயிரத்துக்கு மேல். ஹிட்டாச்சி டெஸ்க்ஸ்டார் 5கே3000: வருடப் பழுது 0.9 சதவீதம். சீகேட் எஸ்.டி.3000டி.எம்.001: 9.8 சதவீதம், அதாவது பத்து மடங்குக்கு மேல். கதை அதோடு நிற்கவில்லை. அந்த சீகேட் மாடலின் பழுது 2014-ம் வருடக் கணக்கில் 43.1 சதவீதமாக எகிறியது. 2012-ல் ஓடத் தொடங்கியவற்றில் 2015 மார்ச்சில் மிச்சம் இருந்தது பத்தில் ஒரு பங்குதான்.

இந்த டிரைவுகள் பேக்பிளேஸுக்கு வந்து சேர்ந்த வழியும் விசேஷமானது. 2011 அக்டோபரில் தாய்லாந்தில் பெருவெள்ளம். அயுத்தயா பக்கம் இருந்த டிரைவ் தொழிற்சாலைகளுக்குள் தண்ணீர் புகுந்து, உலகம் முழுக்க டிரைவ் விலை தாறுமாறாக ஏறியது. கேபிளோடு தனிப்பெட்டியில் வரும் எக்ஸ்டர்னல் டிரைவுகள் மட்டும் சில்லறைக் கடைகளில் கொஞ்சம் மலிவாகக் கிடைத்தன. ஆளுக்கு இரண்டுதான் என்று கடைக்காரர்கள் கட்டுப்பாடு போட்டார்கள். பேக்பிளேஸ் ஊழியர்களும் அவர்கள் வீட்டாரும் நண்பர்களும் காஸ்ட்கோ, பெஸ்ட் பை என்று கடை கடையாக ஏறி இறங்கி இரண்டு இரண்டாக வாங்கி வந்தார்கள். பிளாஸ்டிக் கூட்டைப் பிளந்து, உள்ளே இருந்த டிரைவை எடுத்து டேட்டா சென்டரில் மாட்டினார்கள். சீகேட் டிரைவுகள் சாக இந்தக் கையாளுதல்தான் காரணம் என்று வாதிட்டவர்கள் உண்டு. அதில் ஓரளவு நியாயமும் இருக்கலாம். ஆனால் அதே அதிர்விலும் அதே இரவு பகல் ஓட்டத்திலும் ஹிட்டாச்சி டிரைவுகள் தாக்குப்பிடித்தன. அந்த ஒரு மாடலில் கோளாறு இருந்தது என்பதே என் முடிவு.

"அப்படியானால் ஹிட்டாச்சி நல்லது, சீகேட் மோசம், அவ்வளவுதானே?" என்று கேட்பீர்கள். அன்று பலரும் அப்படித்தான் முடிவு கட்டினார்கள். டெஸ்க்ஸ்டார் என்ற பெயரின் பூர்வோத்தரம் தெரிந்தால் இவ்வளவு அவசரப்படத் தோன்றாது.

டெஸ்க்ஸ்டார் முதலில் ஐ.பி.எம். பெயர். 2000-ல் ஐ.பி.எம். டெஸ்க்ஸ்டார் 75ஜி.எக்ஸ்.பி. என்ற மாடலைக் கொண்டுவந்தது. வேகத்தில் அன்றைக்கு அதற்கு நிகர் குறைவு. ஆனால் வாங்கிய சில மாதங்களில் 'டிக், டிக்' என்று சத்தம் போட ஆரம்பித்து, அப்படியே உயிரை விட்ட டிரைவுகள் ஏராளம். வாடிக்கையாளர்கள் அதற்கு டெத்ஸ்டார் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். 2001-ல் அமெரிக்காவில் வாடிக்கையாளர்கள் கூட்டாக வழக்குப் போட்டார்கள். மறு வருடமே ஐ.பி.எம். தன் ஹார்டு டிஸ்க் தொழிலை ஹிட்டாச்சிக்கு விற்க ஒப்பந்தம் போட்டது. 2003-லிருந்து அதே தொழில், அதே டெஸ்க்ஸ்டார் என்ற பெயரோடு ஹிட்டாச்சியின் கீழ் நடந்தது. உலகமே காறித் துப்பிய அந்தப் பெயர்தான் பத்தே வருடத்தில் பேக்பிளேஸ் பட்டியலில் முதலிடத்தில் வந்து நின்றது. இடையில் 2012-ல் அந்தக் கம்பெனியை வெஸ்டர்ன் டிஜிட்டல் (அதுதான் டபிள்யூ.டி.) வாங்கிவிட்டது, எச்.ஜி.எஸ்.டி. என்ற பெயரில் இன்னும் கொஞ்ச காலம் டிரைவுகள் வந்தன. அந்த வழியில் வந்த 12 டி.பி. மாடல்களிலேயே பின்னாளில் பழுது ஏறத் தொடங்கியதையும் பேக்பிளேஸ் குறித்திருக்கிறது.

சீகேட் பக்கம் வருவோம். 43 சதவீதம் பழுதான டிரைவைத் தந்த அதே கம்பெனியின் 6 டி.பி. மாடல் ஒன்று, எஸ்.டி.6000டி.எக்ஸ்.000, பேக்பிளேஸில் வருடக்கணக்காக ஓடியது. 2021-ல் அதில் 886 டிரைவுகள் இருந்தன. சராசரி வயது ஆறரை வருடத்துக்கு மேல். அந்த வருடம் முழுக்கப் பழுதானது ஒன்றே ஒன்று. மிக மோசமானதும் மிகச் சிறந்ததும் ஒரே முத்திரையோடு வந்திருக்கின்றன. கம்பெனி பெயரை வைத்து டிரைவை எடைபோட முடியாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சரி, மாடல் எண்ணைப் பார்த்து வாங்கலாமா? பார்க்கலாம், ஆனால் சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. பேக்பிளேஸ் கணக்கிடும் முறை எளிமையானது. ஒரு டிரைவ் ஒரு நாள் ஓடினால் ஒரு டிரைவ்-நாள். ஆயிரம் டிரைவுகள் 90 நாள் ஓடினால் 90,000 டிரைவ்-நாள். அதை 365-ஆல் வகுத்தால் சுமார் 247 டிரைவ்-வருடம். அதில் நான்கு பழுதானால் வருடப் பழுது 1.6 சதவீதம். இப்போது 60 டிரைவுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 90 நாளில் கிடைப்பது 15 டிரைவ்-வருடம்கூட இல்லை. ஒன்றும் பழுதாகவில்லை என்றால் பட்டியலில் 0 சதவீதம், அருமையான டிரைவ்! ஒன்றே ஒன்று பழுதானால் கிட்டத்தட்ட 7 சதவீதம், மோசமான டிரைவ்! ஒற்றை டிரைவ் தலைவிதியை மாற்றிவிடுகிறது. எனவே எத்தனை டிரைவ், எத்தனை நாள் என்ற பத்தியை முதலில் பாருங்கள். நூற்றுக்கணக்கிலாவது ஓடாத மாடலின் சதவீதத்தை நான் பொருட்படுத்துவதில்லை.

இன்னொரு சங்கடம், கணக்கு தேறுவதற்குள் டிரைவ் பழசாகிவிடும். ஒரு மாடல் மூன்று வருடம் ஓடிய பிறகுதான் அதன் குணம் தெரியும். அதற்குள் அது கடையில் இருக்காது. பேக்பிளேஸின் 2013 கணக்கில் வருடப் பழுது முதல் ஒன்றரை வருடம் 5.1 சதவீதம், அடுத்த ஒன்றரை வருடம் 1.4 சதவீதம், மூன்று வருடம் தாண்டினால் 11.8 சதவீதம் என்று இருந்தது. அதன்பிறகு டிரைவுகள் எவ்வளவோ மேம்பட்டுவிட்டன. 2020-ல் அவர்களுடைய மொத்த வருடப் பழுது 0.93 சதவீதம், டிரைவுகளுக்கு வயதாக ஆக அது 2023-ல் 1.70 ஆக ஏறி, 2024-ல் 1.57 ஆனது. தொழில்முறை டிரைவ் என்று கூடுதல் விலை கொடுத்து வாங்குவதாலும் பெரிய பலன் இல்லை. 2013-ல் அவர்கள் ஒப்பிட்டபோது சாதாரண டிரைவுகள் 4.2 சதவீதம், தொழில்முறை டிரைவுகள் 4.6 சதவீதம். கூடுதல் விலையில் கிடைப்பது கூடுதல் வருட வாரன்டி மட்டுமே. வாரன்டியில் புது டிரைவ் வரும், போட்டோ வராது.

நம்மிடம் இருக்கும் டிரைவின் நிலையை நாமே பார்க்க வழி உண்டு. ஒவ்வொரு டிரைவும் ஸ்மார்ட் என்ற பெயரில் தன் உடல்நிலைக் குறிப்பைத் தானே எழுதி வைக்கிறது. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் அதைப் படிக்கலாம். வரிகள் நிறைய இருந்தாலும் பேக்பிளேஸ் கவனிப்பது ஐந்து எண்களை: 5, 187, 188, 197, 198. அந்த மென்பொருள் இவற்றைப் பதினாறின் அடிமானத்தில் 05, பி.பி., பி.சி., சி.5, சி.6 என்று காட்டும். 5 என்பது கெட்டுப்போன செக்டார்களுக்குப் பதிலாக மாற்று இடம் ஒதுக்கிய எண்ணிக்கை. 197 என்பது படிக்க முடியாமல் காத்திருப்பில் உள்ளவை. இவை பூஜ்யமாக இருக்க வேண்டும். சீகேட் டிரைவுகளில் 1, 7 ஆகிய வரிகளில் கோடிக்கணக்கில் எண் தெரிந்தால் பயப்படாதீர்கள், அது அவர்கள் எழுதும் முறை.

ஆனால் இந்தக் குறிப்பையே நம்பி இருக்கவும் முடியாது. கூகுள் ஆய்வில், ஸ்கேன் எரர் (டிரைவ் தன்னைத் தானே சோதிக்கும்போது காணும் பிழை) ஒன்று வந்த டிரைவ் அடுத்த 60 நாளில் பழுதாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு என்று தெரிந்தது. அதே ஆய்வில் பழுதான டிரைவுகளில் 36 சதவீதம் எந்த அறிகுறியும் காட்டாமலே போயின. பேக்பிளேஸ் கணக்கிலும் நாலில் ஒன்று ஏறக்குறைய அப்படித்தான். எச்சரிக்கை வந்தால் உடனே நகல் எடுத்துவிட வேண்டும். வரவில்லை என்பதற்காக நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

ஷ்ரோடர், கிப்சன் ஆய்வில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் உண்டு. பழுதுகள் தனித்தனியாக வருவதில்லை. ஒன்று போனால் அதையொட்டி இன்னொன்று போகிறது. எஸ்.டி.3000டி.எம்.001 டிரைவுகளை இரண்டாக வாங்கி ஒன்றின் நகலை மற்றொன்றில் வைத்திருந்தவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். அவர் எச்சரிக்கையான மனிதர்தான். ஆனால் இரண்டு பிரதிகளையும் ஒரே கோளாறிடம் ஒப்படைத்துவிட்டார்.

எனவே "சீகேட்டா, டபிள்யூ.டி.யா?" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: இரண்டும். ஒன்று அது, மற்றொன்று இது. தோஷிபாவும் ஆகலாம், ஹார்டு டிஸ்க் தயாரிப்பில் இன்று மிஞ்சியிருப்பது இந்த மூன்று கம்பெனிகள்தான். ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மாடலை ஜோடியாக வாங்காதீர்கள். இரண்டையும் ஒரே அலமாரியிலும் வைக்காதீர்கள். ஒன்று அண்ணன் வீட்டிலோ அலுவலகத்திலோ இருக்கட்டும். உங்கள் வீட்டுப் போட்டோக்கள் இன்றைக்கு ஒரே ஒரு டிரைவில் இருக்குமானால், தயவுசெய்து இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் இரண்டாவது பிரதி எடுத்துவிடுங்கள்.