பச்சையா சிவப்பா: பழைய வண்டியும் கூலன்ட்டும்

காரைக்குடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வீட்டில் 1980-களில் வாங்கிய அம்பாசடர், பெட்ரோல் வண்டி. கல்யாணம், கோயில் என்று இன்றும் வெளியே எடுக்கிறார்களாம். பல வருஷம் குழாய்த் தண்ணீரிலேயே ஓடியது. பிறகு ஒரு மெக்கானிக் பச்சைக் கூலன்ட் ஊற்றினார். இப்போது உதிரிபாகக் கடைக்காரர், "சிவப்புதான் சார் புதுசு, அஞ்சு வருஷத்துக்குக் கவலையே இல்லை" என்கிறார். மாற்றலாமா என்று கேட்கிறார் வாசகர்.

இந்த வண்டிக்கு வேண்டாம் என்பதே என் பதில். ஆனால் நிறத்தைப் பார்த்து இந்த முடிவுக்கு வரக் கூடாது. கூலன்ட்டின் மூலப்பொருளான எத்திலீன் கிளைக்கால் நிறமே இல்லாத திரவம். 1927-ல் அமெரிக்காவில் பிரஸ்டோன் என்ற பெயரில் அது கார்களுக்கென்று விற்பனைக்கு வந்தது. பச்சை, நீலம், சிவப்பு, ஆரஞ்சு எல்லாம் தயாரிப்பாளர் கலக்கும் சாயம். எங்காவது ஒழுகினால் கண்ணில் பட வேண்டும், யாரும் தண்ணீர் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சேர்ப்பது. இந்த நிறத்துக்குள் இந்த வேதிப்பொருள்தான் என்று பொது விதி எதுவும் கிடையாது. டொயோட்டாவின் சிவப்பும் ஃபோக்ஸ்வாகனின் சிவப்பும் ஒன்றல்ல.

உண்மையான வேறுபாடு, கிளைக்காலோடு சேர்க்கும் சில விழுக்காடு அரிப்புத் தடுப்பான்களில்தான் இருக்கிறது. வார்ப்பிரும்பு, செம்பு, பித்தளை, ஈயம், சில வண்டிகளில் அலுமினியம் என்று பல உலோகங்கள் ஒரே திரவத்தில் மூழ்கியிருக்கும்போது அவற்றுக்கிடையே மின்னோட்டம் உண்டாகிறது. தடுப்பான் இல்லையென்றால் ஏதாவது ஒரு உலோகம் கரைந்தே தீரும்.

தடுப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பழைய வகை கூலன்ட்டில் சிலிக்கேட், பாஸ்பேட், போரேட் போன்ற கனிம உப்புகள் இருக்கும். ஊற்றிய சிறிது நேரத்திலேயே அவை உலோகப் பரப்பு முழுவதும் மெல்லிய படலமாகப் படியத் தொடங்கிவிடும். புதிய வகையில் கரிம அமிலங்களின் உப்புகள் இருக்கும். அவை எல்லா இடத்திலும் படிவதில்லை. அரிப்பு தொடங்கும் புள்ளியில் உலோகம் அயனியாகக் கரைந்து வெளிவருகிறதல்லவா, அதனோடு அங்கேயே பிணைந்து அந்த இடத்தை மட்டும் மூடுகின்றன. எங்கள் வீட்டில் தாத்தா இருந்தவரை பொங்கலுக்குப் பொங்கல் சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடிப்பார். நல்ல சுவர், கெட்ட சுவர் என்று பார்க்க மாட்டார். வீடு அம்மா கைக்கு வந்த பிறகு, காரை எங்கே பெயர்ந்ததோ அங்கே மட்டும் குழைத்துப் பூசுவாள். ஒரு மூட்டைச் சுண்ணாம்பு பல வருஷம் வரும். சிலிக்கேட் தாத்தாவின் வழி, கரிம அமிலம் அம்மாவின் வழி. முன்னதன் உப்பு இரண்டு வருஷத்தில் தீர்ந்துவிடுவதும், பின்னது ஐந்து வருஷம் தாங்குவதும் இதனால்தான்.

அப்படியானால் அம்மாவின் வழிதானே மேல்? புதிய வண்டிக்குச் சந்தேகமில்லாமல் மேல். அலுமினிய ரேடியேட்டரையும், எப்போதும் நிறைந்திருக்கும் மூடிய அமைப்பையும் மனத்தில் வைத்துச் செய்தது அது. அம்பாசடரில் இரண்டுமே இல்லை.

அதன் ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். குழாய்களையும் தொட்டியையும் இணைப்பது ஈயம் கலந்த பற்று. பழைய வகை உப்புகள் இந்த உலோகங்களோடு பல பத்தாண்டுகள் புழங்கியவை. கரிம அமில வகைகள் பலவற்றுக்கு ஈயத்தைக் காக்கும் திறன் குறைவு. பற்று அரித்து வெள்ளைப் பொடியாகப் பூத்து, மெல்லிய குழாய்களின் வாயை அடைக்கும். வண்டி சூடாகிறது என்று ரேடியேட்டரைக் கழற்றிக் குச்சி விட்டுக் குத்துவார்கள். காரணத்தை யாரும் கேட்பதில்லை.

இரண்டாவது சங்கடம் காற்று. ஜெனரல் மோட்டார்ஸ் 1990-களின் நடுவில் டெக்ஸ்-கூல் என்ற ஆரஞ்சு நிறக் கரிம அமிலக் கூலன்ட்டைக் கொண்டுவந்தது. அளவு குறைந்து காற்று புகுந்த எஞ்சின்களில் துரு நிறச் சேறு கட்டியதாகப் புகார்கள் குவிந்தன. வழக்குகள் நடந்து 2008-ல் சமரசத்தில் முடிந்தன. அம்பாசடர் போன்ற பழைய வண்டிகளில் விரிவுத் தொட்டி கிடையாது. சூட்டில் விரியும் திரவம் நிரம்பல் குழாய் வழியே வெளியேறும், ஆறியதும் மேல் தொட்டியில் காற்றுதான் நிற்கும். அதனால் கழுத்துவரை ஊற்றுவதில் பயனில்லை. கொஞ்சம் கீழே தன் மட்டத்தை அது தானே எடுத்துக்கொள்ளும்.

ஆகவே லேபிளில் ஐ.ஏ.டி. என்றோ, சிலிக்கேட் உள்ள கனிம வகை என்றோ குறித்திருக்கும் கூலன்ட்டை வாங்குங்கள், ஐ.எஸ். 5759 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஓ.ஏ.டி., அதாவது கரிம அமில வகை என்றிருந்தால் தவிர்த்துவிடுங்கள். இடையில் யாராவது அலுமினிய ரேடியேட்டர் மாற்றியிருந்தாலோ, வண்டி பிற்காலத்து இசுசு எஞ்சின் வண்டியாக இருந்தாலோ இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றுக்குரிய கையேட்டைப் பார்க்க வேண்டும். உலோகம் மாறினால் மருந்தும் மாறும்.

ரகங்களைக் கலந்தால் உடனே கெட்டியாகிவிடும் என்று பயமுறுத்துவார்கள். சில கலவைகள் சேறாவது உண்மை. பெரும்பாலும் நடப்பது வேறு: இரண்டின் பாதுகாப்பும் நீர்த்துப் போகும், எது எப்போது தீர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. தடுப்பான் தீர்ந்த கிளைக்கால் சூட்டிலும் காற்றிலும் மெல்ல அமிலமாகிறது. வெறும் தண்ணீரைவிட அது மோசம். வெளியே நிறம் மட்டும் அப்படியே பளிச்சென்று இருக்கும்.

தண்ணீரைப் பற்றி என் மனக்குறையைச் சொல்லியாக வேண்டும். நம் ஊர் போர்வெல் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் ஏராளம். எஞ்சின் சூட்டில் அது பாறையாகப் படியும். பாஸ்பேட் உள்ள கூலன்ட்டோடு சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் படியும். நல்ல கூலன்ட்டைப் பணம் கொடுத்து வாங்கி, பெட்ரோல் பங்க் வாளித் தண்ணீரில் கலக்கிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. பாட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் போதும். சமவெளியில் உறைபனிக்குப் பயமில்லை. வெப்பத்தைச் சுமப்பதில் கிளைக்காலைவிடத் தண்ணீரே கெட்டி. அதனால் பாதிக்குப் பாதி தேவையில்லை. மூன்றில் ஒரு பங்கு கூலன்ட், இரண்டு பங்கு தண்ணீர் என்றால் அரிப்புக்குக் காவலும் கிடைக்கும், சூடும் நன்றாக வெளியேறும்.

மாற்றும்போது பெரும்பாலோர் ரேடியேட்டரின் அடிக் குழாயை மட்டும் திறந்துவிட்டு முடித்துவிடுகிறார்கள். எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டிலும் ஒரு வடிகுழாய் உண்டு. அதைத் திறக்காவிட்டால் பழைய திரவத்தில் கணிசமான பங்கு உள்ளேயே தங்கிவிடும். துருச் சேறு அடைத்துத் திறந்தும் வராமலிருக்கலாம். மெல்லிய கம்பியால் குத்தினால் இளகும். ஆறிய எஞ்சினில் வடித்து, தண்ணீர் நிரப்பி, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஓடவிட்டு, மறுபடி ஆறவிட்டு வடிக்க வேண்டும். தெளிந்து வரும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்ட மெக்கானிக்குகள் நம் ஊரில் அதிகம். உங்கள் வண்டியிலும் இல்லையென்றால் ஒன்று வாங்கிப் போடுங்கள். குளிர்ந்தே ஓடும் எஞ்சின் பெட்ரோலையும் தின்னும், தானும் சீக்கிரம் தேயும்.

கடைசி அலசலை டிஸ்டில்டு வாட்டரில் முடித்து, முதலில் அடர் கூலன்ட்டை முழுக் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றுங்கள், பிறகு தண்ணீர். உள்ளே கொஞ்சம் அலசிய நீர் தங்கியிருக்கும் என்பதால் முன்கலவையாக விற்கும் கேன் இங்கே உதவாது. பல வருஷம் தண்ணீரில் ஓடிய வண்டியில், படிந்த உப்பே சில ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருக்கும். அது இளகியதும் ஹோஸ் முனையிலும் வாட்டர் பம்பிலும் கசிவு தெரியலாம். கூலன்ட் மேல் பழி போடாமல், ஓட்டையை அடைக்க மஞ்சள் தூளும் போடாமல், கசியும் பாகத்தை மாற்றுங்கள். ரேடியேட்டர் மூடியையும் பழைய அழுத்த அளவிலேயே வாங்குங்கள். 7 பவுண்டு மூடி இருந்த இடத்தில் 15 பவுண்டு மூடி போட்டால் பழைய ஈயப் பற்று தாங்காது. எந்த ரகம், எந்தத் தேதி என்று எழுதி ரேடியேட்டர் கழுத்தில் ஒரு அட்டை கட்டிவிடுங்கள். அடுத்த மெக்கானிக் நிறத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டியிருக்காது.

வடித்ததை என்ன செய்வது? பட்டறை வாசலில் பச்சைக் குட்டையாகத் தேங்கி நிற்பதை எத்தனையோ ஊர்களில் பார்க்கிறேன். கிளைக்கால் இனிக்கும். தெரு நாய்கள் நக்கும். உடலுக்குள் அது ஆக்சாலிக் அமிலமாகி, சிறுநீரகத்தில் படிகமாக உறையும். பெரியவர் ஒருவரைக் கொல்ல 100 மில்லி அளவே போதுமானதாகலாம். யாராவது குடித்துவிட்டால், அறிகுறி வரட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நேரத்தோடு போனால் மாற்று மருந்து உண்டு. போதாததற்கு, பழைய ரேடியேட்டரிலிருந்து வடிந்ததில் ஈயமும் கலந்திருக்கும். சாக்கடையிலோ தோட்டத்திலோ ஊற்றாமல், இறுக மூடும் கேனில் பிடித்து, மேலே விஷம் என்று பெரிதாக எழுதி, பழைய எண்ணெயை முறையாக வாங்கிக்கொள்ளும் சர்வீஸ் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். கையில் கிடைத்த குளிர்பான பாட்டிலில் மட்டும் ஊற்றி வைத்துவிடாதீர்கள்.